நூலக வாசகர் வட்டமும் நன்னூற் பாயிர நெறியும்

நூலகத்திற்கு நூல் ஒன்று வருகிறது. முத்திரை இடப்பெறுகிறது; எண் பெறுகிறது; பட்டியலில் ஏறுகிறது; பின்னர் அடுக்கில் நிற்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் ஒட்டப்பெற்ற தேதித் தாளில் ஆண்டுக்கணக்காக ஒரு தேதியும் விழாத நூல்களை எந்தக் கல்லூரி நூலகத்திலும் காணலாம். அவை தரங்குறைந்தவை ஆதலின் தீண்டப்படாமல் நிற்கின்றன என்று கூறிவிட இயலாது. படித்த ஒருவர், படிக்கக்கூடிய மற்றொருவரிடம் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கக் காண்கிறோம்.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது முதல் விதி. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தைச் சேமித்தல், நூலகம் வளரும் உயிரி எனக் கொள்ளல் என்பன எஞ்சிய இரண்டு. இவற்றுள் இரண்டாம் விதியை நூலகர் பெரிதும் நிறைவேற்றிவிட முடியும். கேட்ட நூலை எடுத்துக் கொடுத்தால் போதும். மூன்றாம் விதிதான் கடினமானது. தன்னைக் கேளாத ஒருவரை நூல் தேடிச் செல்ல வேண்டும் என்கிறது அவ்விதி. நூலுக்குக் கால் இல்லை. வாசகர் வாய்ச்சொல்லே அதற்குக் கால் ஆகிறது.

அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் தொடங்கப்பெற்றது. நூல்களை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்ற முயற்சி அது. நூல் வீட்டு வாயில் வரை வந்து சேர்ந்தபின்னும் எதனை எடுப்பது என்னும் வினா எஞ்சி நிற்கும். அவ்வினாவிற்கு விடை கூறும் அவையாகவே நூலக வாசகர் வட்டத்தை நாம் கருதுகிறோம். அவ்வவையில் நூலைப் பற்றி எவ்வாறு பேசுவது என்பதற்குத் தமிழிலக்கணம் நெடுங்காலத்திற்கு முன்னரே வழிகாட்டியிருக்கிறது என்பதனை எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அட்டையும் பாயிரமும்

நூலகப் பட்டியல் அட்டை ஆசிரியர் பெயர், நூற்பெயர், பொருள், பதிப்பு விவரம் ஆகியவற்றைத் தருகிறது. இன்று அட்டைக்கு மாற்றாகக் கணினிப் பட்டியல் வந்துள்ளது; எனினும் தரும் செய்தியின் வகை பெரிதும் மாறிவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்குரிய சிறப்புப்பாயிரம் கூற வேண்டியவை எட்டு என்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர்.

இவ்விரண்டனையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் நுதலிய பொருளும் அட்டையில் உள. பதிப்பாண்டு ஒருவாறு காலத்தைக் காட்டுகிறது. ஏனையவை அட்டையில் இல்லை. இல்லாமை நூலகரின் குறையன்று. நூலைத் திறந்து இறுதிவரை படித்தவரன்றிப் பிறர் அவற்றைச் சொல்லவியலாது.

'வழி' என்பதனை எடுத்துக்கொள்வோம். இந்நூல் எந்நூலின் வழிவந்தது, எதனைத் தழுவியது, எதனிலிருந்து விலகியது என்பது அதன் பொருள். ஒரு திறனாய்வு நூல் முந்தைய நூலொன்றின் கருத்துகளையே வேறு சொற்களில் அடுக்கியிருப்பின், இரண்டனையும் படித்தவரே அதனை அறிவார். 'யாப்பு' என்பது இன்னும் நுட்பமானது. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நூல் யாக்கப்படும் முறையை அது குறிக்கும். இந்நூலைக் கேட்டபின் இந்நூலைக் கேட்கத்தகும் என்னும் இயைபினைக் குறிக்கும் எனப் பொருள் உரைப்பாரும் உண்டு. இப்பொருள் வாசகர் வட்டத்திற்கு மிகவும் வேண்டப்படுவது. தொல்காப்பியத்திற்கு எழுந்த உரைகளுள் எதனை முதலில் தொடுவது என்று திகைக்கும் முதலாண்டு மாணவருக்கு, எழுத்ததிகாரம் இளம்பூரணத்தில் தொடங்குக, பின்னர் நச்சினார்க்கினியத்திற்குச் செல்க என்று முன்னே சென்ற மாணவர் ஒருவர் கூறுவாரானால் அதுவே யாப்புக் கூறியதாகும். குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவருக்கு இதனைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அவர் நூலை எடுத்து, பத்துப் பக்கத்தில் இடறி, தமக்கு அறிவு போதாது என்று எண்ணி அடுக்கில் திரும்ப வைத்துவிடுகிறார். குறை அவரிடத்தும் இல்லை, நூலிடத்தும் இல்லை. யாப்புக் கூறுவார் இல்லாமையே குறை.

'கேட்போர்', 'பயன்' என்னும் இரண்டும் இவ்வாறே. இந்நூல் யாருக்கு, அவர் பெறுவது என்ன என்பவற்றைப் பதிப்பாளர் பின்னட்டையில் அச்சிடுவது உண்மையே. ஆயின் விற்போர் கூறும் பயனும் உண்டோர் கூறும் சுவையும் ஒன்றாகா.

பாயிரம் உரைப்போர் யார்

நூலாசிரியர் தம் நூலுக்குத் தாமே பாயிரம் செய்துகொள்ளுதல் கூடாது என்பது மரபு. தம் ஆசிரியர், தம்மொடு கற்றவர், தம் மாணாக்கர், தகுதியுடைய உரைகாரர் ஆகியோரையே நன்னூல் பாயிரம் செய்தற்குரியோராகக் கூறுகிறது. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு உடன் கற்றவர் என்பது வழிவழிச் செய்தி. நம் மொழியின் தலையாய இலக்கண நூலை நமக்கு அறிமுகப்படுத்துபவர் ஓர் உடன்மாணாக்கர் என்பது வாசகர் வட்டத்து மாணவர்கள் மகிழ்ந்து நினைக்கத் தக்கது.

அப்பாயிரத்துள் மற்றொருவரும் இடம்பெறுகிறார். அதங்கோட்டாசான் என்னும் அவர் நான்மறை முற்றியவர். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் நூலைக் கேட்டவர். குற்றமறத் தெரிந்து கேட்கும் ஒருவர் முன் நூல் உரைக்கப்பட்டது என்பதே அங்குச் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. தடையின்றி அரங்கேறியமையைப் பனம்பாரனார் பெருமையாகக் கூறவில்லை. தடைக்கு ஈடுகொடுத்தமையையே பெருமையாகக் கூறுகிறார் எனக் கொள்ளலாம்.

பிற்காலத்தில் இந்நிலை மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிய நூல்கள் பலவற்றின் முகப்பில் சாற்றுகவிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இவற்றை முற்றும் பயனிலவென்று ஒதுக்கிவிடுதல் தகாது. குணங்குடி மஸ்தான் சாகிபு மீது திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடினார் என்னும் செய்தியில், சமய எல்லை கடந்து புலமை புலமையை மதித்த பண்பாடு விளங்குகிறது. ஆயினும் சாற்றுகவி புகழ மட்டுமே அறிந்த வடிவம். அதன் வழித்தோன்றல்களாகிய வாழ்த்துரையும் அணிந்துரையும் இன்று நூலின் முதற் பக்கங்களை நிறைத்துவிடுகின்றன. நூலினும் அணிந்துரை நன்றாயிருக்கும் நேர்வுகளும் உண்டு என்பதைச் சிரிப்பின்றிச் சொல்ல இயலவில்லை.

சொல்லும் கண்ணீரும்

இறையனார் களவியலுரை கூறும் கதை ஒன்று இவண் கருதத்தக்கது. இறையனார் நூலுக்குச் சங்கப் புலவர்கள் உரை கண்டனர். எவர் உரை மெய்யுரை என்பதில் மாறுபாடு எழுந்தது. உப்பூரிகுடிகிழாரின் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐயாட்டைச் சிறுவன், வாய்பேசாதவன், நடுவனாக அமர்த்தப்பட்டான். புலவர் ஒவ்வொருவராக உரைத்தனர். மருதனிளநாகனார் உரைத்தபோது சிலவிடங்களில் அவனுக்குக் கண்ணீர் வார்ந்தது, மெய்ம்மயிர் நிறுத்தது. நக்கீரர் உரைத்தபோது சொற்றோறும் அவ்வாறு நிகழ்ந்தது. நக்கீரர் உரையே உரை எனத் துணிந்தனர்.

நூலைப் பற்றிய கருத்து முதலில் உடம்பில் தோன்றுவது. அதற்குப் பின்னரே சொல்லாகிறது என்னும் உண்மையை இக்கதை காட்டுகிறது. பொய் சொல்லத் தெரியாத நடுவனை அவை நாடியது என்பதும் கருதத்தக்கது. ஆயினும் நமக்கு இது பாதிவழியே துணைவரும் எனத் தோன்றுகிறது. உருத்திரசன்மனின் கண்ணீர் தீர்ப்பாக அமைந்தது; ஆனால் ஏன் அவ்விடத்தில் கண்ணீர் வந்தது என்று அவனைக் கேட்க முடியாது. கேட்க முடியாத தீர்ப்பினை ஏற்கலாம், அல்லது விடலாம். அதனோடு உரையாட இயலாது. வாசகர் கூட்டங்களில் இன்று மிகுதியாகக் கேட்கப்படும் 'நூல் மிக அருமை' என்னும் தொடர் கண்ணீரில்லாத உருத்திரசன்மன் தீர்ப்பாகும். 'பிடிக்கவில்லை' என்பதும் அதன் மறுபுறமே.

திருவிளையாடற் கதையில் வரும் நக்கீரரோ இதற்கு மாறானவர். தருமிக்கு இறைவன் அளித்த பாட்டில் பொருட்குற்றம் உண்டு என்றார். மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ என்பது வழக்கு. அவர் கூறியது சரியா என்பது வேறு. தம் மறுப்பிற்குக் காரணத்தை அவையில் எடுத்து வைத்தார், எதிர்க்காரணம் கூற மற்றவர்க்கு இடம் கொடுத்தார் என்பதே நாம் கொள்ள வேண்டியது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கத்தில் விளங்கிய நாகூர்க் குலாம் காதிறு நாவலரை 'நான்காம் தமிழ்ச் சங்கத்து நக்கீரர்' என்று அழைத்தனர். புகழ்மொழியாக அப்பெயர் வழங்கியதிலிருந்தே, குற்றம் காணும் கண்ணை அக்காலப் புலவருலகம் பகையாகக் கொள்ளவில்லை என்பது விளங்கும்.

காற்கூறும் அரைக்கூறும்

கற்றல் எவ்வாறு நிறைவுறுகிறது என்பதற்கு நன்னூல் ஒரு கணக்குத் தருகிறது. ஆசிரியர் உரைத்ததனை முழுதும் மனங்கொண்டாலும் மாணவர் பெறுவது காற்கூறுதான். தம்மையொத்த மாணவரோடு பயிலும் வகையால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு எடுத்துரைக்கும்போது வருகிறது. ஆசிரியராக இருந்து இலக்கணம் செய்த ஒருவர் தம் பங்கினைக் கால் என்று குறைத்துக்கொண்டமை வியப்பிற்குரியது. இக்கணக்கின்படி, நூலைத் தனியே படித்து மூடி வைப்பவர், ஆசிரியரின் விளக்கமும் உடன் பெற்றிருந்தாலும், முக்கால் பங்கினை அடுக்கிலேயே விட்டு வருகிறார். வாசகர் வட்டத்தில் ஒருவர் கருத்துரைப்பது கேட்போர்க்குச் செய்யும் உதவி என்று மட்டும் எண்ணுகிறோம்; உரைப்பவர்க்கே அதில் அரைக்கூறு ஊதியம் உண்டு.

உடன்வாசகரின் ஒரு சொல் ஒரு நூலின் ஊழையே மாற்றிய வரலாறு நம் கண்முன் உள்ளது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். தாம் படித்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் ஆகியவற்றின் நீண்ட வரிசையை ஐயர் கூறினார். முதலியார் அதில் நிறைவு கொள்ளவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். தாம் கற்றவற்றின் எல்லையை ஐயர் அன்று உணர்ந்தார். 'என் சரித்திரம்' என்னும் தன்வரலாற்றில் அவரே இதனை விரிவாக எழுதியுள்ளார். முதலியார் தமிழாசிரியர் அல்லர். நீதிமன்றத்தில் பணிபுரிந்த ஒரு வாசகர். புகழ்ந்துரைத்து அனுப்பியிருந்தால் அச்சந்திப்பு அத்துடன் முடிந்திருக்கும்.

பின்னர் நிகழ்ந்தது அதனினும் சுவையானது. சிந்தாமணியில் வரும் சமணச் செய்திகள் ஐயருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களை நாடினார். அவர்கள் அந்நூலைச் சமயக் கடமையாக வழிவழியாகப் படித்தும் கேட்டும் வந்தவர்கள். பட்டம் பெறாத அவ்வாசகர் கூட்டம், சைவ மரபில் கற்ற ஒரு புலவருக்கு ஐயம் தீர்த்தது. 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. முஸ்லிம் ஊர்களில் சீறாப்புராணத்தை ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள் விரிக்க, ஊரார் கூடியிருந்து கேட்ட வழக்கமும் இத்தகையதே. எழுத்தறியாதவரும் அவ்வவைகளில் வாசகராயினர்.

குற்றம் பத்தும் வாசகர் சொல்லும்

மாணவர்கள் நூலொன்றை 'அறுவை' என்று தள்ளிவிடுகின்றனர். இச்சொல்லில் ஒரு தீர்ப்பு உள்ளது, காரணம் இல்லை. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களை அவர்கள் கையில் கொடுத்தால் அச்சொல் தானே பிரிந்து விரியும். சொல்ல வேண்டியதனைச் சொல்லாது விட்டதா? அது குன்றக் கூறல். தேர்வுக் கையேடுகளில் நிகழ்வது போன்று ஒன்றையே பல பக்கங்களில் திரும்பச் சொல்கிறதா? கூறியது கூறல். தொடங்கிய பொருளை விட்டு வேறொன்றில் நெடுந்தொலைவு செல்கிறதா? மற்றொன்று விரித்தல். வார இதழ்த் தொடர்கதைகள் சிலவற்றைப் போல் வீறுடன் தொடங்கி வரவர மெலிந்து முடிகிறதா? சென்று தேய்ந்திறுதல். இவ்வாறு பெயரிட்டவுடன், எந்தப் பக்கத்தில் என்னும் வினா எழுகிறது; நூலை மீண்டும் புரட்ட வேண்டியிருக்கிறது. அறுவை என்று சொன்னவர் இரண்டாம் முறை படிக்கத் தொடங்கிவிடுகிறார்!

ஓர் எச்சரிக்கையும் தேவை. இக்குற்றங்கள் இலக்கணம் முதலான நூல்களை நோக்கி வகுக்கப்பட்டவை. புதினத்தில் மற்றொன்று விரித்தல் சிலபோது அழகாக அமையும்; கவிதையில் கூறியது கூறல் இசையாகும். ஆதலின் அளவுகோலையும் அவையில் ஆய்தல் வேண்டும்.

வாசகர் வட்டம் செய்யத்தக்கது

1948இல் இயற்றப்பெற்ற சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகங்களுக்கென எழுந்த முதற் சட்டமாகும். நூலகவரி என்னும் ஏற்பாட்டால் மக்கள் பணத்திலேயே நூலகங்கள் வளர அது வழிசெய்தது. அந்நூலகங்களை ஒட்டி வாசகர் வட்டங்கள் பல ஊர்களில் இயங்கி வருகின்றன. நற்பணி ஆற்றுபவை பல. எனினும் சில கூட்டங்களில் தலைமையுரை, வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை என்று பொழுது கழிந்து, வாசகர் வாய்திறக்க நேரம் எஞ்சுவதில்லை. வாசகர் கேட்போராக மட்டும் அமரும் கூட்டத்தைச் சொற்பொழிவு எனலாம். வாசகர் வட்டம் எனல் பொருந்தாது.

கல்லூரித் துறை நூலகத்தில் இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. தடித்த குறிப்பேடு ஒன்றும் மாதத்திற்கு ஒரு பிற்பகலும் போதும். கூட்டத்தில் இளையவர் முதலில் பேசுதல் வேண்டும். பேராசிரியர் இறுதியிற் பேசுதல் வேண்டும். பேராசிரியர் முதலில் கருத்துரைத்துவிட்டால் நம் மாணவர் மரியாதை கருதி அதனையே வழிமொழிவர். இது பண்பாட்டின் பாற்பட்டது, கண்டிக்கத் தக்கதன்று. ஆயினும் நூல் பயிலும் இயல்புகளுள் வினாதலையும், வினாயவற்றிற்கு விடையளித்தலையும் நன்னூலார் சேர்த்தே கூறினார் என்பதை மறத்தலாகாது. நூலாசிரியர் முன்னிலையில் அவர் நூலை ஆய்வது இரண்டாம் கூட்டத்திற்கு உரியது. முதற் கூட்டத்தில் அவர் இல்லாதிருத்தலே இருசாரார்க்கும் நலம்.

குறிப்பேட்டில் நூலுக்கு ஒரு பக்கம். ஆசிரியர் பெயரும் பொருளும் பட்டியலில் இருப்பதால் அவற்றைத் திரும்ப எழுதுதல் கூறியது கூறலாகும். இதற்கு முன் எதனைப் படித்தல் நன்று, யார் படிக்கலாம், எவ்விடத்தில் நூல் ஓங்குகிறது, எவ்விடத்தில் தளர்கிறது என்பவற்றைப் பக்க எண்ணுடன் எழுதினால் போதும்.

சீறாப்புராணத்தையே எடுத்துக்கொள்வோம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜுறத்துக் காண்டம் என மூன்று காண்டங்களாக விரியும் உமறுப்புலவரின் அக்காப்பியத்தில், மானுக்குப் பிணை நின்ற படலம் போன்று பாடத்திட்டத்தில் இடம்பெறும் ஒன்றிரண்டு படலங்களின் பக்கங்களே நூலகப் படிகளில் மங்கியிருக்கும்; ஏனையவை வெள்ளை மாறாமல் இருக்கும். முழுதும் படித்த மாணவர் ஒருவர் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினால், நபிகள் நாயகத்தின் வரலாற்றை உரைநடையில் ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குக என்பார். அரபுச் சொற்களுக்கு அகராதி உள்ள பதிப்பையே எடுக்க என்பார். இவை யாப்பு. நாட்டுப் படலத்தில் அரபு நிலம் தமிழகத்து மருதவயலாகக் காட்சியளிக்கிறதே, பாலைநிலத்தில் இவ்வளவு நெல் ஏது, உலகமலையாமை என்னும் அழகு இங்கே பிறழ்கிறதன்றோ என்று அவர் ஐயுறவும் கூடும். அடுத்துப் படித்தவர் அதன் கீழேயே மறுப்பு எழுதலாம்: காப்பியத்தின் கேட்போர் தாமிரபரணிக் கரையிலும் காவிரிக் கரையிலும் வாழ்ந்த தமிழர்; வளம் என்றால் வயல் என்று அறிந்தவர்கள்; அவர்களுக்கு அந்நாட்டின் மாட்சியை வேறு எவ்வாறு உணர்த்துவது? முதலாமவர் இதனை ஏற்காமல், கேட்போர்க்காக நிலத்தையே மாற்றலாமா என்று மீண்டும் வினவுதல் கூடும். அப்பக்கத்தின் கீழ்ப்பகுதி மூன்றாமவர்க்காக விடப்பட வேண்டும். அவர் நாட்டுப் படலத்தைப் படிக்காமல் அதில் எழுத முடியாது.